மோட்டாரை விடுங்கள், பல்லை எண்ணுங்கள்

ரிமோட் கார் பந்தயத்துக்குப் புதிதாக வருகிற பையனுக்கு முதல் நாளே இலவசமாகக் கிடைப்பது ஓர் அறிவுரை. "இந்த மோட்டாரை வெச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது தம்பி. தூக்கிப் போட்டுட்டு பிரஷ்லெஸ் மாத்திடு." சொல்கிறவர் நல்லவர்தான், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் வாசலில் நிற்கிறவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிற வாக்கியம் அது.

ஏன் என்றால், அது ஒரு செலவோடு நிற்காது. பிரஷ்லெஸ் மோட்டார் வந்தால் பழைய ஈ.எஸ்.சி. (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டி) பிரஷ் மோட்டாருக்கு மட்டுமானதாக இருந்தால் அதுவும் போச்சு. அடுத்து பேட்டரி. அதற்கடுத்து பழைய பிளாஸ்டிக் புஷ் தாங்காது, பேரிங். அப்புறம் ஷாஃப்ட், அப்புறம் டிஃப்ரன்ஷியல். ஒவ்வொன்றும் முந்தையதை வாங்கிய பாவத்துக்காக வாங்குவது. மூன்றாவது மாதம் காரின் விலையைப்போல் இரண்டு மடங்கு செலவழித்த பிறகு கார் அலமாரியில் தூங்கும், பையன் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவான்.

இத்தனைக்கும் அந்தக் கார் மெதுவாக ஓடியதற்குக் காரணம் மோட்டார் இல்லை. பல்சக்கரம்.

உலகம் முழுக்க ஆரம்பக்காரர்கள் வாங்குகிற காரையே எடுத்துக்கொள்ளலாம். ஜப்பான் டாமியா கம்பெனியின் டிடி-02. 2013-ல் வந்தது. 1/10 அளவு, நான்கு சக்கரத்துக்கும் ஷாஃப்ட் வழியாக இழுவை. கிட்டில் வருகிற மோட்டார் தகர டப்பா போன்ற 540 ரக பிரஷ் மோட்டார். அதன் அச்சில் இருக்கும் சின்னச் சக்கரம் பினியன், 22 பல். அது சுற்றுகிற பெரிய பிளாஸ்டிக் சக்கரம் ஸ்பர், 70 பல். அதற்குப் பிறகு உள்ளே இருக்கிற டிஃப்ரன்ஷியலில் இன்னொரு 2.6 மடங்கு குறைப்பு. 70-ஐ 22-ஆல் வகுத்து 2.6-ஆல் பெருக்கினால் 8.27. அதாவது மோட்டார் 8.27 சுற்று சுற்றினால்தான் டயர் ஒரு சுற்று.

8.27 என்பது பயந்த சுபாவம் உள்ள விகிதம். யார் எங்கே எப்படி ஓட்டினாலும், சின்னப் பிள்ளை புல்தரையில் ஓட்டினாலும்கூட மோட்டார் எரியக்கூடாது என்று கம்பெனிக்காரன் யோசித்துப் போட்ட விகிதம். அதில் தப்பே இல்லை. ஆனால் பந்தயத்துக்குப் போட்டது இல்லை.

இது புரிய இஞ்சினியரிங் படிக்க வேண்டாம். ஆர்எக்ஸ் 100 வைத்திருந்த எந்த அண்ணனையும் கேளுங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் குறைத்தால் டாப் கூடும், பிக்கப் குறையும். பல்லைக் கூட்டினால் நேர் எதிர். இஞ்சினைத் தொடவே வேண்டாம். மெக்கானிக் கடையில் ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. ரிமோட் காரிலும் அதேதான், பினியனில் பல்லைக் கூட்டினால் டாப் கூடும் என்பது மட்டும் வித்தியாசம். (முன் ஸ்ப்ராக்கெட் மாதிரி.)

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டயர் விட்டம் சுமார் 64 மி.மீ., சுற்றளவு சுமார் 201 மி.மீ. 8.27-ஆல் வகுத்தால் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு கார் 24.3 மி.மீ. நகர்கிறது. நிமிடத்துக்கு 15,000 சுற்று என்று வைத்தால் மணிக்கு 22 கி.மீ. பினியனை 25 பல்லாக்கினால் விகிதம் 7.28. அதே மோட்டார், அதே பேட்டரி, மணிக்கு 25 கி.மீ. 22 பல்லுக்கு 22, 25 பல்லுக்கு 25. தற்செயல்தான், ஆனால் ஞாபகம் வைக்க வசதி. இது காகிதக் கணக்கு, தரையில் சுமை ஏறும்போது சுற்று குறையும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம், கிட்டத்தட்ட 14 சதவீதம், அது நிஜம்.

14 சதவீத வேகம், சில நூறு ரூபாய்க்கு. பி.காம். பரீட்சையில் மார்ஜினல் காஸ்ட் என்று இரண்டு மார்க்குக்கு எழுதித் தள்ளுகிறீர்களே, அதை இந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். பினியனில் ஒரு கி.மீ. கூட ஆகும் செலவு என்ன, பிரஷ்லெஸ் செட்டில் ஒரு கி.மீ. கூட ஆகும் செலவு என்ன? இதில் இறக்குமதி வரி வேறு. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. மலிவாகப் பாகம் வாங்கிக்கொண்டிருந்த அலிஎக்ஸ்பிரஸையும் 2020 நவம்பரில் தடை செய்தாகிவிட்டது. இந்த நிலைமையில் மாணவனைப் பார்த்து "எல்லாத்தையும் மாத்து" என்பது அறிவுரையா, தண்டனையா?

இங்கே எதிர்க்கட்சிக்காரர் எழுந்து நிற்பார். "சரி, பல்தானே. 22 என்ன, 25 என்ன, ஒரேயடியாக எவ்வளவு பெரிசு கிடைக்குதோ அவ்வளவு பெரிசு போட்டுட்டா?" இதுதான் இரண்டாவது வியாதி. முதல் வியாதியைவிட மோசம், ஏனென்றால் இதில் மோட்டார் எரிந்துபோய், கடைசியில் "பார்த்தியா, அப்பவே சொன்னேன், மோட்டார் சரியில்ல" என்று முதல் வியாதிக்காரர்தான் ஜெயிப்பார்.

பினியன் பெரிதானால், டயரில் அதே தள்ளு வேண்டும் என்றால் மோட்டார் அதிக முறுக்குவிசை தர வேண்டும். முறுக்குவிசை கூட வேண்டும் என்றால் கரண்ட் கூட வேண்டும். கரண்ட் இரண்டு மடங்கானால் சுருளில் வெப்பம் நான்கு மடங்கு. ஆகவே 22-லிருந்து 25-க்குப் போனால் வேகம் 14 சதவீதம் கூடும்போது சூடு சுமார் 29 சதவீதம் கூடுகிறது. 27-க்குப் போனால் வேகம் 23 சதவீதம், சூடு 50 சதவீதம். வேகம் ஒரு படி ஏறினால் சூடு இரண்டு படி ஏறும். பெரிய பினியன் போட்டவன் முதல் இரண்டு நிமிடம் ராஜா, ஐந்தாவது நிமிடம் காந்தம் சூடாகி, பிரஷ் கருகி, தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இதில் நம்மூருக்கென்று தனிக் கோளாறு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்துக்காரன், ஜெர்மனிக்காரன் போட்டு வைத்த கியர் அட்டவணையை அப்படியே காப்பியடிப்பது. அவன் 20 டிகிரியில் ஓட்டுகிறான். சில சமயம் கூரை போட்ட அரங்கத்தில், கம்பளம் விரித்து. புதுச்சேரியில் மே மாதம் நிழலிலேயே 36, 38 டிகிரி. அவன் மோட்டார் ஓடி 50 டிகிரி ஏறினால் 70-ல் நிற்கும். அதே கியர், அதே ஓட்டம், இங்கே 86-ல் நிற்கும். அவனுக்கு 25 பல் சரி என்றால் இங்கே 24, ஏன் 23 கூட சரியாக இருக்கலாம். அட்டவணையில் தப்பில்லை, அதில் வெயிலுக்கென்று ஒரு கட்டம் இல்லை. அவ்வளவுதான்.

இன்னொன்று, ஓட்டிப் பார்க்கிற இடம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி ஓடாது என்பதால், விடியற்காலையில் காரைத் தூக்கிக்கொண்டு அங்கே போகலாம் என்று ஆசை வரும். நடைப்பயிற்சித் தாத்தாக்களின் காலில் விடாமல் இருந்தால் சரி. ஆனால் அது நேர்கோடு. நேர்கோட்டில் எப்போதும் பெரிய பினியன்தான் ஜெயிக்கும். பந்தயம் நேர்கோட்டில் நடப்பதில்லையே. ஒரு வாகன நிறுத்துமிடத்தில் நான்கு கோன் வைத்து ஓட்டினால் மிஞ்சிப்போனால் 20 மீட்டர் நேர்பாதை. 22 கி.மீ. வேகத்தில் அது 3.3 நொடி, 25 கி.மீ. வேகத்தில் 2.9 நொடி. அதுவும் ஆரம்பத்திலிருந்தே முழு வேகத்தில் வந்தால். நிஜத்தில் ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து மறுபடி பிடிக்க வேண்டும், அங்கே சின்னப் பினியன்காரன் முந்திவிடுவான். எந்தப் பினியன் நல்லது என்று கேட்டால் எந்த மைதானம் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானம் மாதிரி விரிந்த இடத்துக்கு ஒன்று, அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கு ஒன்று.

வாங்கும்போது ஏமாறுகிற இடமும் இதுதான். "எல்லா 1/10 காருக்கும் பொருந்தும்" என்று போட்டிருக்கும். பொருந்தாது. டிடி-02-வின் பல் 0.6 மாட்யூல். சந்தையில் அதிகம் கிடைக்கும் 48 பிட்ச் பினியனின் பல் கணக்குப்படி 0.53 மாட்யூல். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், அச்சில் அழகாக ஏறும், ஓட்டினால் பிளாஸ்டிக் ஸ்பரைத் துருவிய தேங்காய் மாதிரி ஆக்கிவிடும். அப்புறம், மோட்டாரைப் பிடிக்கிற தகட்டில் துளைகள் குறிப்பிட்ட இடங்களில்தான் இருக்கின்றன, ஆகவே நினைத்த பினியனை எல்லாம் போட முடியாது. கிட்டோடு வருகிற கையேட்டில் எந்தத் துளைக்கு எந்தப் பல் என்று படமே போட்டிருக்கிறார்கள். (அதை யார் பார்க்கிறார்கள்!) அலுமினியத்தைவிட எஃகுப் பினியன் வாங்குங்கள், கடற்கரை மணல் உள்ளே போனால் அலுமினியம் சீக்கிரம் தேயும். பினியனுக்கும் முன்னால் பேரிங் மாற்றினால் இன்னும் நல்லது, பிளாஸ்டிக் புஷ் உராய்ந்து வீணாக்குவதும் அந்த மோட்டாரின் சக்தியைத்தான்.

பிரஷ்லெஸ் நல்லதே இல்லையா என்றால், நல்லதுதான். குறைந்த சூட்டில் அதிக வேலை செய்யும், பிரஷ் தேயாது. தனியாக ஓட்டுகிறவர் தாராளமாகப் போடட்டும். ஆனால் நாலு பேர் பந்தயம் என்று கூடுகிற இடத்தில் ஒருவர் போட்டால் மற்ற மூவரும் போட்டாக வேண்டும், அல்லது வீட்டுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய அளவில் விடை கண்டுபிடித்த மனிதர் இருந்தார். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். கார் பந்தயம் என்றால் வெளிநாட்டு காரை இறக்குகிற பணக்காரர்களுக்குத்தான் என்று இருந்த காலத்தில், 1980-களின் இறுதியில், மாருதி 800 இஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி. எல்லாருக்கும் அதே சாதாரண இஞ்சின். ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் காரில் ஆரம்பித்தவர்தான் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான். அதே வழியில் பின்னால் வந்த மலிவு வகுப்புக்கு எல்ஜிபி என்று பெயர், அது கோவையில் சங்கிலியும் ஸ்ப்ராக்கெட்டும் செய்கிற கம்பெனி. பல்சக்கரக் கம்பெனி பெயரில் பந்தயம், பொருத்தம் பாருங்கள் :-)

நிஜ காருக்கே இஞ்சினை ஒன்றாக்கி வைத்து ஓட்டுநரை வளர்க்க முடிந்தது. ஒன்றரை கிலோ பிளாஸ்டிக் காருக்கு முடியாதா?

ஆகவே விதி இவ்வளவு போதும். கிட்டில் வந்த மோட்டார்தான், அதைத் திறக்கக் கூடாது. ஒரே ரக டயர். பினியன் மட்டும் அவரவர் இஷ்டம். "பினியனையும் ஒன்றாக்கிவிட்டால் இன்னும் நியாயம்" என்பார்கள். வேண்டாம். மைதானத்தைப் பார்த்து, வெயிலைப் பார்த்து பல் எண்ணுவதுதான் இந்த விளையாட்டில் மூளைக்கு இருக்கிற வேலை, அது காசு கேட்காத வேலை. நாலு பேர் சேர்ந்தால் 22-லிருந்து 25 வரை ஆளுக்கொன்று வாங்கி மாற்றிக்கொள்ளலாம். 22-ல் ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஓட்டி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், மூன்று நொடி விரலை வைக்க முடிந்தால் ஒரு பல் ஏற்றலாம். (கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் கிடக்கிற நெற்றி வெப்பமானியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், அதில் பெரும்பாலானவை 43 டிகிரிக்கு மேல் காட்டாது.)

ஒரே ஒரு நியாயமான ஆட்சேபணை மிச்சம் இருக்கிறது. மலிவு பிரஷ் மோட்டார்கள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, காசுள்ளவன் பத்து வாங்கி நல்லதைப் பொறுக்கிக்கொள்வான். உண்மை. அதற்கும் வழி இருக்கிறது. எல்லா மோட்டாரையும் காலையில் ஒரு பெட்டியில் போட்டுவிடுங்கள். குலுக்கலில் யாருக்கு எது வருகிறதோ அதுதான் அன்றைக்கு, சாயங்காலம் திரும்பப் பெட்டிக்கு. பினியன் மட்டும் அவரவர் சட்டைப்பையில்.