கடன் வாங்கி மானிடவியல் படிக்கலாமா?

சென்ற வாரம் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து விவசாயத் தொழிலாளித் தோழர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவர் மகள் பி.ஏ. தேறிவிட்டாள். மேலே மானிடவியல் படிக்க வேண்டும் என்கிறாள். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் இருக்கிறதாம். இரண்டு வருஷத்துக்கு 4 லட்சம் ரூபாய். பாங்கில் கடன் தருவார்களாம். "அதென்ன படிப்பு தோழர்? படித்தால் சோறு போடுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. "கல்விக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று உபதேசம் செய்பவர்கள் வயிறு நிறைந்தவர்கள். கூலி வாங்கிப் பிழைப்பவன் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். பார்ப்போம்.

படிக்கும் 2 வருஷமும் அதற்குப் பின் 1 வருஷமும் பாங்கு தவணை கேட்காது. ஆனால் வட்டி குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கி, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வருஷ வட்டி 40,000 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்தாலும் 33,600 ரூபாய்தான். ஒரு வருஷக் கூலி ஒரு வருஷ வட்டிக்கே பற்றாது! 3 வருஷம் கழித்துக் கடன் 5,20,000 ஆகி நிற்கும். அதைப் 10 வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 6,870 ரூபாய் கட்டவேண்டும். 4 லட்சம் வாங்கி, 8 லட்சத்துக்கு மேல் கொடுத்துத் தீர்க்கவேண்டும்.

வரவு என்ன? நம் பள்ளிக்கூடங்களில் மானிடவியல் ஒரு பாடமாக இல்லை. ஆகவே வாத்தியார் வேலைக்கு வழியில்லை. இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம், மியூசியங்கள், பழங்குடி ஆராய்ச்சி நிலையம், சில பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் வேலை உண்டு, இடங்களோ சொற்பம். நெட் பரீட்சையில் முன்னணியில் தேறி ஜே.ஆர்.எஃப். பெற்றால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் வரும், அது சிலருக்கே. மற்றவர்களுக்கு ஒப்பந்த வேலைதான்.

ஆகவே நாம் சொன்னோம்: "தோழர், இந்தக் கடனை வாங்காதீர்கள். ஆனால் மகளைத் தடுக்காதீர்கள்."

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945 முதல் மானிடவியல் துறை இருக்கிறது. அங்கே விண்ணப்பம் போடட்டும். குடும்ப வருமானம் வருஷம் 2.5 லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அதைக் கேட்டு வாங்குவது பிச்சையல்ல, உரிமை.

இந்தப் படிப்பு நமக்கு எதற்கு? உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை மேடைதோறும் புகழ்கிறார்கள். யார் பெயர் குடத்தில் விழலாம்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கும் கதிர் அறுத்தவனுக்கும் அங்கே இடமில்லை. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்கும் படிப்புதான் மானிடவியல்.

கேட்பவர் எங்கே நின்று கேட்கிறார் என்பதும் முக்கியம். காஞ்சிபுரம் அடங்கிய பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் ஆராய்ச்சி செய்தவர் ஜோன் மென்ச்சர் என்ற அமெரிக்கப் பெண். ஜாதியை அடியில் இருப்பவர் கண்கொண்டு பார்த்தால் அது சுரண்டல் முறையாகவே தெரிகிறது என்று 1974இல் எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1916இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்ததும் ஒரு மானிடவியல் வகுப்பில்தான். அவர் அங்கே போனது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில். வட்டிக் கடனில் அல்ல.

இன்று சர்க்கார் என்ன செய்கிறது? வருஷ வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டி முழுவதையும் ஏற்கும் திட்டம் 2009இல் வந்தது. ஆனால் அது தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும்தான்! முதலாளிக்கு உடனே உதவும் படிப்புக்குச் சலுகை. சமூகத்தைக் கேள்வி கேட்கும் படிப்புக்கு வட்டி! வெளிநாட்டில் படிக்க மத்திய சர்க்கார் வைத்திருந்த 125 உதவித்தொகைகளில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் குடும்பங்களுக்கு நாடு முழுவதற்கும் 4 இடங்கள். 2022இல் அதற்கும் ஒரு பூட்டுப் போட்டார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்தப் பணம் கிடையாது! பணக்காரன் மகன் சொந்தச் செலவில் போய் நம்மைப் பற்றி எழுதலாம். நம் பிள்ளை நம்மைப் பற்றி எழுதக் கூடாது. இது என்ன நியாயம்?

தோழர்களே! மகள் இந்தப் படிப்பைக் கேட்டது தப்பல்ல. தகப்பன் கணக்குப் பார்த்ததும் தப்பல்ல. தகப்பனையும் மகளையும் எதிரெதிரே நிறுத்துகிற ஏற்பாடுதான் தப்பு. வட்டிச் சலுகை எல்லாப் படிப்புக்கும் வேண்டும். 2022இல் போட்ட பூட்டு உடையவேண்டும். சர்க்கார் பல்கலைக்கழகங்களில் காலியிடங்களை நிரப்பவேண்டும். விடுதியும் உணவும் தரவேண்டும். ஆலை வாயிலிலும் கிராமக் கூட்டத்திலும் கூலிக் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்போம்.

தோழர் விண்ணப்பம் போடச் சம்மதித்துப் போயிருக்கிறார். உதவித்தொகைக்கு வேண்டிய வருமானச் சான்றுக்குத் தாலுகா ஆபீசுக்கு நாமும் கூடப் போகிறோம்.