இடிபட்டவன் தலையில் இரண்டாவது இடி

நாம் அறிந்த தோழர் ஒருவர் சென்னையில் டாக்ஸி ஓட்டுகிறார். பதினைந்து வருஷம் பிறத்தியார் வண்டியை ஓட்டியவர். மனைவியின் நகையை அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி, சொந்தமாக ஒரு புதுக் கார் வாங்கினார். நாலாவது மாதம், சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருந்த அந்த வண்டியைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தது. பம்பர் நொறுங்கியது, டிக்கி உள்ளே போயிற்று. நல்ல வேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. "இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, கவலை ஏன்?" என்று அக்கம்பக்கத்தார் தேறுதல் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார்.

லாரி டிரைவரை நாம் திட்டவில்லை. அவரும் ஓர் உழைப்பாளி. இரவு முழுவதும் கண் விழித்து ஓட்டியவர். நாம் கேட்பது வேறு: இடித்தவரும் பிரீமியம் கட்டியிருக்கிறார், இடிபட்டவரும் பிரீமியம் கட்டியிருக்கிறார். பிறகு நஷ்டம் யார் தலையில் விழுந்தது?

கணக்கைப் பாருங்கள். ஒர்க்ஷாப் பில் 66,000 ரூபாய். இதில் பம்பர், விளக்கு முதலிய பிளாஸ்டிக் சாமான்கள் 24,000, தகட்டுச் சாமான்கள் 18,000, பெயிண்டிங் 16,000, கூலி 8,000. பிளாஸ்டிக்குக்குத் 'தேய்மானம்' என்று பாதியைப் பிடித்தார்கள்: 12,000 போயிற்று. பெயிண்டிங் பில்லில் கால் பங்கு சாயத்தின் விலை, அதிலும் பாதி பிடித்தம் என்று 2,000 போயிற்று. அதற்கு மேல் 'கட்டாயப் பிடித்தம்' ஒன்று. வண்டி பதினெட்டு நாள் ஒர்க்ஷாப்பில் நின்றது. அந்தப் பதினெட்டு நாள் வருமானத்துக்கு ஒரு காசு கிடையாது. பாலிசியில் அதற்கு இடமே இல்லையாம். ஆனால் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நின்றது.

இது ஏதோ ஒரு கம்பெனி செய்த அட்டூழியம் அல்ல. பாலிசியிலேயே அச்சடித்த விதி. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், பாட்டரி, டயர் ஆகியவற்றுக்கு வண்டி ஷோரூமை விட்டு இறங்கிய முதல் நாளிலிருந்தே நூற்றுக்கு 50 தேய்மானம். தகட்டுக்கு முதல் ஆறு மாதம் தேய்மானம் இல்லை. பிறகு ஒரு வருஷம் வரை நூற்றுக்கு 5.

"பழைய சாமானை எடுத்துவிட்டுப் புதிது போடுகிறோம், அந்த லாபத்தைச் சொந்தக்காரன் ஏற்கத்தானே வேண்டும்?" என்று கம்பெனிக்காரர்கள் வாதாடுகிறார்கள். பத்து வருஷத்து வண்டியானால் இந்த வாதத்தில் பொருள் உண்டு. நாலு மாதத்து பம்பர் எங்கே தேய்ந்தது? அதே ஆறு மாதத்துக்குள் வண்டி முழுவதும் நொறுங்கிப்போனால், கம்பெனி விலையில் நூற்றுக்கு 5 மட்டும் கழித்து மதிப்புப் போடுகிறார்கள். முழு வண்டி தேய்ந்தது நூற்றுக்கு 5. அதே வண்டியின் பம்பர் தேய்ந்தது நூற்றுக்கு 50! இது எந்த ஊர்க் கணக்கு?

இதற்கு மருந்து ஒன்று வைத்திருக்கிறார்கள். கூடுதல் பிரீமியம் கட்டினால் தேய்மானம் பிடிக்காத பாலிசி கிடைக்கும். அதாவது, பணம் உள்ளவனுக்கு பம்பர் தேயாது, இல்லாதவனுக்குத் தேயும்!

இன்னொரு அநியாயம். வருஷம் முழுவதும் இன்ஷூரன்ஸ் பணம் கேட்காதவருக்கு அடுத்த வருஷப் பிரீமியத்தில் நூற்றுக்கு 20 சலுகை உண்டு; ஐந்து வருஷத்தில் அது 50 வரை ஏறும். நின்ற வண்டியில் இடி வாங்கிய நம் தோழர், தம் பாலிசியில் பணம் கேட்டதால் அந்தச் சலுகையை இழந்தார். லாரியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்கலாமே என்றால், விபத்து நஷ்டஈட்டு டிரிப்யூனலுக்குப் போகச் சொல்லுகிறார்கள். தினக் கூலியை விட்டுவிட்டு எத்தனை வாய்தாவுக்கு அலைவது?

பழுதுபார்க்கும் இடத்திலும் இதே கதைதான். தெருமுனை மெக்கானிக்கிடம் போனால் கூலி குறைவு. ஆனால் கம்பெனிச் சாமான் அவருக்குக் கிடைப்பதில்லை. இது நம் கற்பனை அல்ல. 2014-ம் வருஷம் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிச் சாமான்களை வெளி ஒர்க்ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் கம்பெனிகள்மீது 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. தெருமுனை மெக்கானிக்கோ இன்றும் சாமானுக்கு அலைகிறார்.

1973 ஜனவரி 1-ந் தேதி 107 கம்பெனிகள் தேசவுடைமையாகி, நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளாயின. அதன் நோக்கம் இன்ஷூரன்ஸ் மக்களுக்குச் சேவை செய்யவேண்டும் என்பது. 1999-ல் சட்டம் செய்து தனியாருக்கு மீண்டும் கதவைத் திறந்தார்கள். 'போட்டி வந்தால் நியாயம் வரும்' என்றார்கள். பிரீமியத்துக்குப் போட்டி வந்தது. பம்பருக்கு நியாயம் வரவில்லை.

ஆகவே, வண்டி வைத்துப் பிழைக்கும் நண்பர்களுக்கு நாம் சொல்லுவது இது. விபத்து நடந்த இடத்திலேயே இரண்டு வண்டிகளையும் நம்பர் தெரியப் படம் எடுங்கள். போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் கொடுங்கள். சர்வேயர் பார்க்குமுன் வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள். வேலையைச் சரிபார்க்காமல் 'முழுத் திருப்தி' என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நியாயம் கிடைக்காவிட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள்; ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் திருப்தியில்லை என்றாலும், ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். இடித்த வண்டிக்காரர்மீது டிரிப்யூனலுக்குப் போவதானால் ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கத்தோடு போங்கள். தனி ஆளின் மனு மேஜையில் தூங்கும். நூறு பேர் நின்றால் மேஜையே விழித்துக்கொள்ளும்.

ஆனால் விதி மாறாமல் வழி இல்லை. முதல் வருஷத்தில் பிளாஸ்டிக்குக்கும் சாயத்துக்கும் தேய்மானம் பிடிப்பதை நிறுத்தவேண்டும். தவறு செய்யாதவனுடைய சலுகையைப் பறிக்கக்கூடாது. இடித்த வண்டியின் கம்பெனி, வேலையிழந்த நாட்களுக்கும் சேர்த்து, டிரிப்யூனலுக்கு இழுக்காமல் நஷ்டஈடு தரவேண்டும். உதிரிச் சாமான் எல்லா மெக்கானிக்குகளுக்கும் ஒரே விலையில் கிடைக்கவேண்டும்.

நம் தோழரின் வண்டி மீண்டும் ஓடுகிறது. டிக்கியில் புதுச் சாயம் பளபளக்கிறது. மனைவியின் இன்னொரு நகை அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. இன்ஷூரன்ஸ் என்பதன் பொருள் இதுதானா என்று சர்க்காரைக் கேட்கிறோம்.