பேய்க் காதல் கதை படிக்கலாமா?



கோடை விடுமுறைக்கு என் பேத்தி சேலத்திலிருந்து ராசிபுரம் வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். வந்த அன்றே திண்ணையில் சாய்ந்துகொண்டு, தலையணை மாதிரி தடித்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்துவிட்டாள். கறுப்பு அட்டை. அதில் வெளுத்த இரண்டு கைகள் ஒரு சிவப்பு ஆப்பிளை ஏந்தியிருந்தன.

"என்ன கதை கண்ணு?" என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணு ரத்தக்காட்டேரியை லவ் பண்றா அம்மாயி!"

உள்ளேயிருந்து என் மகளின் குரல் வந்தது. "பேயும் காதலும்! படிக்கிற வயசுல படிக்கிற புஸ்தகமா இது? அதைப் புடுங்கி வைங்கம்மா!"

நான் கையை நீட்டவில்லை. ஒருமுறை நீட்டிய கை இது. அதனால் வந்த வினையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம், இந்த மாதிரிப் புத்தகங்களைப் படிக்கலாமா, கூடாதா என்று பேசுவோம்.

பிடுங்கிய புத்தகம்

1990-களில் ஒருநாள். எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி, பாடப் புத்தகத்துக்குள் ஒரு மாத நாவலை ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கிணற்றில் விழுந்து இறந்த பெண், பேயாக வந்து தன் காதலனைத் தேடும் கதை. வெடுக்கென்று பிடுங்கினேன். வகுப்பே சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். அவள் அப்பாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

அவர் லாரி டிரைவர். பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருபவர். அட்டைப் படத்தைப் பார்த்தார். "காதல் புஸ்தகமா படிக்கிறா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஜூன் மாதம் அவள் ஒன்பதாம் வகுப்பில் சேரவில்லை. இரண்டே வருடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

பல வருடம் கழித்து, பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அவளிடம் கோபமே இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"எங்க தோட்டத்துக் கிணத்துல பேய் இருக்குன்னு சொல்லுவாங்க டீச்சர். தண்ணி எடுக்கப் போகவே பயம். பேய் வந்தா என்ன பண்றதுன்னு தெரிஞ்சுக்கத்தான் அந்தப் புஸ்தகத்தைப் படிச்சேனுங்க. கடைசியில என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "ஏம்மா இதைப் படிக்கிறே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. அவள் அப்பாவும் கேட்கவில்லை. அட்டையைப் பார்த்தோம், அவளைப் பார்க்கவில்லை.

இது என்ன புதுசா?

பேயும் காதலும் கலந்த கதை அமெரிக்காவிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை!

நம் கொல்லிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் அங்கே எட்டுக்கை அம்மன் கோயில் இருக்கிறது. அந்த அம்மன்தான் கொல்லிப்பாவை என்பார்கள். பேரழகி, தன்னைக் கண்டு மயங்கி வருகிறவர்களைச் சிரித்தே கொன்றுவிடுவாள் என்று கதை சொல்வார்கள். ஆனால் நற்றிணை, குறுந்தொகைப் பாடல்களில் கொல்லிப்பாவை அழகுக்கு உவமையாக வருகிறாள். காற்றடித்தாலும், மழை கொட்டினாலும், நிலமே அதிர்ந்தாலும் உருக்குலையாதவள் என்று நற்றிணை சொல்கிறது. தலைவன் தன் காதலியை நினைத்தால் அவனுக்கு இந்தப் பாவைதான் நினைவுக்கு வருகிறாள்! ஆக, மலையில் உறையும் தெய்வமும் மனிதக் காதலும் நம் ஊரில் சங்க காலத்திலேயே சேர்ந்துவிட்டன.

ரத்தக்காட்டேரி என்றதும் பதறுகிறோம். நம் பக்கத்தில் காட்டேரியைக் கும்பிடும் குடும்பங்களும் உண்டே!

இன்னொன்று. மர்மக் கதைகளுக்குப் பேர் போன எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் 1958-ல் சேலத்தில் பிறந்தவர். 2024-ல் காலமானார். 1990-களில் அவருடைய 'மர்மதேசம்' தொடர் டி.வி.யில் வந்தபோது, தெருவே வெறிச்சோடிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்குப் புத்தகத்தைப் பிடுங்கச் சொன்ன என் மகள், அன்றைக்குப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு அதைப் பார்த்தவள்தான்!

வேதாளம் கேட்காத கேள்வி

விக்கிரமாதித்தன் முதுகில் தொங்கிய வேதாளமும் பேய்தானே? அது சொன்ன கதைகளில் ஒன்றைக் கேளுங்கள். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இந்தக் கதை இருக்கிறது.

ஓர் அழகான பெண்ணை மூன்று இளைஞர்கள் விரும்பினார்கள். அவள் காய்ச்சலில் இறந்துபோனாள். ஒருவன் சுடுகாட்டிலேயே தங்கி அவள் சாம்பலின் மேல் படுத்துக் கிடந்தான். ஒருவன் அவள் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோனான். மூன்றாமவன் ஊர் ஊராகச் சுற்றி, இறந்தவரை எழுப்பும் மந்திரத்தைக் கற்று வந்தான். மூவரும் சேர, அவள் உயிரோடு எழுந்தாள். உடனே மூவருக்கும் சண்டை. 'அவள் யாருக்கு மனைவி?' என்று வேதாளம் கேட்டது. 'உயிர் கொடுத்தவன் தகப்பன் மாதிரி. எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகன் மாதிரி. சாம்பலில் கிடந்தவனே கணவன்' என்றான் ராஜா.

இந்தக் கதையைப் பேத்திக்குச் சொன்னேன். அவள் ஒரே வார்த்தையில் என்னை மடக்கிவிட்டாள். "இதென்ன அநியாயம் அம்மாயி? அந்தப் பொண்ணை யாருமே கேக்கலியே!"

வகுப்பில் எத்தனையோ தடவை இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒருநாளும் இது தோன்றவில்லை, குழந்தைகளே!

நானும் படித்தேன்

அப்புறம் அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்தை நானும் படித்தேன். பக்கத்தில் அகராதி, தெரியாத இடத்தில் பேத்தி. பெயர் 'ட்வைலைட்'. ஸ்டெஃபனி மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதியது, 2005-ல் வெளியானது. நான்கு புத்தகங்கள் கொண்ட வரிசை. உலகம் முழுக்கப் பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பெல்லா என்ற பதினேழு வயதுப் பெண், எட்வர்ட் என்ற ரத்தக்காட்டேரி இளைஞன். மனித ரத்தம் குடிப்பதில்லை என்று கட்டுப்பாடாக இருக்கிற காட்டேரி அவன்!

விறுவிறுப்பு இருக்கிறது. ஆசையை அடக்கி, இன்னொருவருக்குத் தீங்கு செய்யாமல் இருக்கப் போராடுவது நல்ல விஷயம்தான். ஆனால் ஓரிடத்தில் எனக்குச் சுருக்கென்றது. எட்வர்ட் இரவு நேரங்களில் பெல்லாவின் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளுக்கே தெரியாமல்! பிறகு தெரிந்ததும் அவள் பெரிதாகக் கோபப்படவில்லை. இரண்டாவது புத்தகத்தில் அவன் விட்டுப் போனதும் அவள் நடைப்பிணம்போல ஆகிவிடுகிறாள். தோழிகளிடமிருந்து விலகுகிறாள். உயிருக்கே ஆபத்தான காரியங்களில் இறங்குகிறாள்.

பேத்தியிடம் கேட்டேன். "ராத்திரி ஜன்னல் வழியா வர்றானே, அது சரியா கண்ணு?"

"கதைன்னா சரி அம்மாயி. நெசத்துல ஒருத்தன் அப்படி வந்தா, கத்தி ஊரைக் கூட்டிட்டு 1098-க்கு போன் பண்ணுவேன்!"

எனக்கு நிம்மதியாக இருந்தது. நாம் நினைப்பதைவிடக் குழந்தைகளுக்கு விவரம் அதிகம். ஆனால் அது கேட்டால்தானே தெரிகிறது?

மூன்று கேள்விகள்

என் கருத்து இதுதான். பேய்க் காதல் கதைகளைப் படிப்பதில் தப்பில்லை. கேள்வி கேட்காமல் படிப்பதுதான் தப்பு. வேதாளம் மாதிரி, ஒவ்வொரு கதை முடிவிலும் நீங்கள் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

1. அவளைப் பிடித்திருக்கிறது என்கிறவன், அவளைக் கேட்டு நடக்கிறானா?

2. காதல் வந்தபிறகு அவளுடைய படிப்பும், தோழிகளும், ஆசைகளும் என்ன ஆயின?

3. காட்டேரி வேஷத்தைக் கழற்றிவிட்டு, பக்கத்துத் தெருக்காரன் இதையே செய்தால் ஒப்புக்கொள்வோமா?

பையன்களே, இவை உங்களுக்கும்தான்! ஒரு பெண் வேண்டாம் என்றபிறகும் பின்னால் சுற்றுவதைக் காதல் என்று காட்டும் சினிமாக்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

எல்லா வயதுக்கும் எல்லாப் புத்தகமும் ஆகாது. எட்டாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த வரிசை வேண்டாம். அந்த வரிசையின் கடைசிப் புத்தகத்தை இன்னும் இரண்டு வருடம் கழித்துப் படிக்கலாம் என்று பேத்தியிடம் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் ஒத்துக்கொண்டாள். பரீட்சை நேரத்தில் கதைப் புத்தகம் பீரோவில் இருக்கட்டும். படித்துப் பயமாக இருந்தால் மூடி வைத்துவிட்டு அம்மாவிடம் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளையின் கையில் ஒரு காதல் கதையைப் பார்த்த மாத்திரத்தில் அவளே தப்பு செய்துவிட்டாள் என்று முடிவு கட்டாதீர்கள். புத்தகத்தைப் பிடுங்கினால் புத்தகம் மட்டும் போவதில்லை. சில வீடுகளில் அதோடு பள்ளிக்கூடமும் போய்விடுகிறது. பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்காருங்கள். "கதை என்னம்மா?" என்று கேளுங்கள். முடிந்தால் நீங்களும் பத்துப் பக்கம் படியுங்கள்.

என் மகள் இப்போது இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறாள். முடிவைச் சொல்லக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு!

அந்தப் பழைய மாணவிக்குத்தான் முடிவைச் சொல்ல ஆசை. ஆனால் அன்று நான் பிடுங்கிய நாவலின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. பழைய புத்தகக் கடைகளைக் கடக்கும்போதெல்லாம் அந்த அட்டைப் படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.