பன்னெண்டு மணிக்கு எந்த ரயில்ங்க வருது?

போன மாசம் அம்மாவை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில காட்டறதுக்காக மதுரையிலேருந்து பாண்டியன்ல கிளம்பினோம். ஸ்டேஷன்லேருந்து நடக்கற தூரத்துல, ரொம்ப மட்டமும் இல்லாம ரொம்ப ஒசத்தியும் இல்லாம ஒரு ரூம் பார்த்து வெச்சிருந்தேன். வாடகை 1400 ரூபாய். ஆன்லைன்லயே பணமும் கட்டியாச்சு.

விடிகாலை அஞ்சரைக்கு பையைத் தூக்கிட்டு போய் நின்னா, கவுண்டர்ல இருந்த தம்பி கொட்டாவி விட்டுக்கிட்டே சொல்றார்: "செக்-இன் பன்னெண்டு மணிக்குத்தான் சார். இப்பவே வேணும்னா இன்னொரு நாள் வாடகை ஆகும்."

"ரூம் காலியா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்னப்பா?"

"சிஸ்டம் எடுத்துக்காது சார்."

அம்மாவுக்கு சர்க்கரை. ராத்திரி பூரா தூங்கலை. பாத்ரூம் போகணும், இட்லி சாப்பிட்டு மாத்திரை போடணும். "நாம ஸ்டேஷன்லயே உக்காந்திருக்கலாமேப்பா"ன்னாங்க. இன்னொரு 1400-ஐ எடுத்துக் குடுத்தேன். அன்னிக்கு ராத்திரியே ஊருக்கு ரயில் ஏறிட்டோம். ஆக பதினஞ்சு மணி நேரத்துக்கு 2800 ரூபாய்!

இது ஏதோ என் ஒருத்தனோட தலையெழுத்துன்னு நினைச்சுடாதீங்க மக்களே. கணக்கைப் பாருங்க. தெற்கேயிருந்து எழும்பூருக்கு வர்ற பல வண்டிகளும், கோவைப் பக்கமிருந்து சென்ட்ரலுக்கு வர்ற சேரன், நீலகிரியும் ராத்திரி கிளம்பி காலங்காத்தால வந்து சேர்றதுதான். வர்றவங்க யாரு? ஆஸ்பத்திரிக்கு, இன்டர்வியூவுக்கு, விசாவுக்கு, கோர்ட்டு கேஸுக்கு. காலையில வந்து, வேலையை முடிச்சு, ராத்திரி வண்டியில திரும்பறவங்க. இவங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பகல். அந்தப் பகலுக்கு நடுவுல, சரியா பன்னெண்டு மணிக்கு ஒரு கோட்டைக் கிழிச்சு, "இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள்"னு ரெண்டு வாடகை வாங்கினா அதுக்குப் பேர் என்னங்க?

"உலகம் பூரா இப்படித்தான் சார்"னு ஒருத்தர் வருவார். கொடைக்கானல் ரிசார்ட்டுக்குச் சரி. அங்கே நாலு நாள் தங்கப் போறவனுக்கு காலை என்ன, மதியம் என்ன? ரயில் பயணியை நம்பியே கடை விரிச்சிருக்கிற ஓட்டல், ரயில் டயத்தைப் பார்க்காம வேற எதைப் பார்க்கணும்?

ரூம் சுத்தம் பண்ண நேரம் வேணுமாம். வேணும்தான், மறுக்கலை. ஆனா ராத்திரி பூரா காலியா கிடந்த ரூமை விடிகாலையில என்னத்தை சுத்தம் பண்றது? எழும்பூர் கென்னட் லேன் மாதிரி இடங்கள்ல பழைய லாட்ஜுகள் 24 மணி நேரக் கணக்குலதானே நடத்தினாங்க? நோட்டுல நீங்க வந்த நேரத்தை எழுதுவாங்க, மறுநாள் அதே நேரம் வரைக்கும் ரூம் உங்களுது. அவ்ளோதான். சில இடங்கள்ல இன்னமும் அப்படித்தான். ஒரு நாப்பது பக்க நோட்டு செஞ்ச வேலையை இவங்க சிஸ்டத்தால செய்ய முடியலையாம்!

2025 செப்டம்பர் 22-லேருந்து 7500 ரூபாய் வரைக்குமான ரூமுக்கு ஜிஎஸ்டியை 12-லேருந்து 5 சதவீதமா குறைச்சாங்க. 1400 ரூபாய் ரூமுக்கு 98 ரூபாய் மிச்சம். சந்தோஷம். அந்த 98-ஐ கையில வாங்கி, பன்னெண்டு மணிக் கணக்குல 1400-ஐ விட்டுட்டு வர்றோம்.

அதனால ரூம் போடறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு இதைச் செய்யுங்க. போட்டோ, ஸ்டார் எல்லாம் அப்புறம். முதல்ல ஓட்டலுக்கு நேரா போன் போட்டு "24 மணி நேர செக்-அவுட்டா, பன்னெண்டு மணியா?"ன்னு கேளுங்க. ரெண்டாவது, ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்னு கேளுங்க. எழும்பூருக்கு காந்தி இர்வின் ரோடு பக்கமும் வாசல் உண்டு, பூந்தமல்லி நெடுஞ்சாலை பக்கமும் உண்டு. மேப்புல கிட்டக்க தெரியும், பெட்டியோட படி ஏறி இறங்கறப்பதான் தூரம் தெரியும். மூணாவது, வயசானவங்க கூட வந்தா லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட், வெந்நீர் எத்தனை மணிக்குன்னு விசாரிங்க. கன்ஃபர்ம் ஆனதோ ஆர்.ஏ.சி.யோ டிக்கெட் கையில இருந்தா, ரயில்வே ரிட்டையரிங் ரூமையும் ஐ.ஆர்.சி.டி.சி.யில முயற்சி பண்ணிப் பாருங்க. ரூம் கம்மி, சீக்கிரமே முந்திக்கணும்.

கவுண்டர் தம்பி மேல எனக்குக் கோபம் இல்லை. அவர் சம்பளத்துக்கு இருக்கார். கோபம் முதலாளி மேலயும், வாடகையை கொட்டை எழுத்துல போட்டு செக்-இன் நேரத்தை எறும்பு எழுத்துல போடற ஆப் மேலயும்தான். வாடகைக்குப் பக்கத்துலயே அதே சைஸ் எழுத்துல நேரத்தையும் போடட்டும். ஏமாறறதா வேண்டாமான்னு நாங்க முடிவு பண்ணிக்கறோம்.

அடுத்த மாசம் அம்மாவுக்கு மறுபடியும் செக்கப். இந்தத் தடவை 24 மணி நேரக் கணக்குல ஒரு பழைய லாட்ஜைப் பிடிச்சு வெச்சிருக்கேன். டிவி கூட கிடையாதாம். போகுது விடுங்க.

டிஸ்கி: சென்ட்ரல், எழும்பூர் பக்கம் 24 மணி நேரக் கணக்குல நல்ல லாட்ஜ் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. நாலு பேருக்கு உதவும்.