குழாய்க்குக் காசு இருக்கு, கைக்கு இல்லை

மட்டக்களப்பில் சைலன்சரைப் பற்றி மூன்று தரப்பு கதைக்கிறது. பொலிஸ் சத்தத்தைப் பற்றிக் கதைக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் ஒழுக்கத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். கார் வைத்திருக்கிற பொடியனுகள் பவரைப் பற்றிக் கதைக்கிறார்கள். காருக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுக் கதைக்கிற ஆள்தான் குறைவு.

ஒருக்கா குனிந்து பாருங்க. பம்பரின் வெட்டுக்குள் நேராக வரவேண்டிய வால்குழாய் ஒரு பக்கம் சரிந்து பிளாஸ்டிக்கைக் கருக்கிக்கொண்டு கிடக்கும். தொங்குரப்பர் அறுந்த இடத்தில் பழைய டியூபை வெட்டிக் கட்டியிருக்கும், இல்லையென்றால் கட்டுக்கம்பி. குழாய்கள் சேருகிற இடத்தில் வெல்டிங்குக்கு மேல் வெல்டிங், அதை மறைக்க சில்வர் பெயின்ற். பள்ளத்தில் இறங்கி ஏறினால் 'டக்கு டக்கு' எண்டு எங்கேயோ இடிக்கும். "அது அப்படித்தான் மச்சான், ஸ்போர்ட்ஸ் சிஸ்டம் எண்டா சத்தம் வரும்தானே" எண்டு பதில் வரும்.

அப்படி இல்லை. அது பிழையாகப் பூட்டின வேலை. அந்தப் பிழைக்குக் காரணம் மெக்கானிக்குக்கு மூளை இல்லாதது எண்டு நினைக்காதீங்க. குழாய் வாங்கக் காசை அள்ளிக் கொட்டிவிட்டு, அதைப் பூட்டுகிற கைக்குக் காசு குடுக்க மனம் வராத எங்கட பழக்கம்தான் காரணம். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கட நிலைமையைப் பார்ப்போம். இங்க ஸ்போர்ட்ஸ் கார் எண்டா ஃபெராரி இல்லை. பழைய ஹொண்டா சிவிக், மிட்சுபிஷி லான்சர், கொஞ்சம் வசதி இருந்தால் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் போன ஐந்து வருடமும் இருந்த காரையே எல்லாரும் ஒட்டுப்போட்டு ஓட்டினோம். புதுக் கார் கனவு பழைய காரின் அலங்காரமாக மாறினது. அதில் முதல் அலங்காரம் சைலன்சர்.

இந்தக் குழாய்கள் ஏன் கோணலாக வந்து நிற்கின்றன? 'சிவிக்குக்கு உரியது' எண்டு பெட்டியில் எழுதியிருந்தாலும், அது எந்த வருடத்துச் சிவிக், எத்தனை கதவு, எந்தச் சந்தைக்கு வந்த சிவிக் எண்டு பார்க்க வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங் உள்ள நாடுகளுக்குச் செய்த முன்குழாய், எங்கட வலப்பக்க ஸ்டியரிங் காரில் சில வேளை இடிக்கும். 'எந்தக் காருக்கும் பொருந்தும்' எண்டு விற்கிற சைலன்சர் உண்மையில் எந்தக் காருக்கும் அளவெடுத்துச் செய்ததில்லை. அதைப் பொருத்த வளைவு வெட்ட வேணும், கொளுக்கி இடம் மாற்ற வேணும், விட்டம் சரிசெய்ய வேணும். இதெல்லாம் கைவேலை. அந்தக் கைவேலைக்கு நாங்கள் குடுக்கிற பெயர்: "அண்ணன், சும்மா ஒரு தட்டுத் தட்டி விடுங்க."

அந்த ஒரு தட்டில் என்ன நடக்கிறது எண்டு பாருங்க.

எஞ்சின் காருக்குள் அசையாமல் இருப்பதில்லை. ரப்பர் தாங்கிகளின் மேல் இருக்கிறது. அக்சிலேற்றரை மிதிக்கும்போது முன்னும் பின்னும் ஆடும். அதோடு பூட்டின குழாயும் சேர்ந்து ஆட வேண்டும். அதற்குத்தான் தொங்குரப்பரும், நடுவில் வளைந்து குடுக்கிற இணைப்பும் இருக்கு. கம்பி போட்டு பொடியோடு இறுக்கிக் கட்டினால் அந்த ஆட்டம் போக இடம் இல்லை. எல்லா இழுவையும் முன்னுக்குப் போய் எஞ்சின் வாயில் உள்ள மனிஃபோல்டில் விழும். பெற்றோல் எஞ்சின் பாரம் இழுக்கும்போது அங்க புகை 600 பாகை செல்சியசுக்கு மேலும் சூடாகும். அந்தச் சூட்டில் நாள் முழுக்க முறுக்கினால் எந்த இரும்பும் வெடிக்கும். கஸ்கட் ஊதும். கசிவு தொடங்கும்.

கசிவு வந்ததும் சத்தம் கூடும். இங்கதான் பெரிய ஏமாற்று. "சிஸ்டம் போட்ட பிறகு கார் பறக்குது" எண்டு சொல்லுறவருக்குக் கேட்பது பல வேளை பவர் இல்லை, ஓட்டை. ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் கசிவு இருந்தால், புகையின் துடிப்புக்கு இடையில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சர் அதைப் பார்த்து 'பெற்றோல் போதவில்லை' எண்டு கணினிக்குச் சொல்லும். கணினி இன்னும் பெற்றோலை ஊற்றும். 2022 ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா விற்றது. மறுகா கியூஆர் காட்டி, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் எண்டு அளந்து வாங்கினோம். அந்த வரிசையில் நின்ற ஊரில் ஒரு ஓட்டைக்காக பெற்றோலை எரிக்கிறது என்ன கெத்து?

கெத்து போகட்டும், உயிரைப் பார்ப்போம். எஞ்சின் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கு. நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும் எண்டு பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். காருக்குக் கீழே கசிகிற குழாய், துருப்பிடித்த தரைத்தகடு, மூடின கண்ணாடி, ஓடுகிற ஏசி. மழைக்காலத்தில் கொழும்புக்கு ஆறு ஏழு மணித்தியாலம் அப்படிப் போகிற கார்கள் இருக்கு. பின் சீற்றில் நித்திரையாகிற தங்கச்சிக்குத் தலையிடி எண்டால் பயணக் களை எண்டு நினைப்போம். வால்குழாய் பம்பரைத் தாண்டி வெளியே வரவேண்டும் எண்டு சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. உள்ளுக்கு நின்றுவிட்டால் புகை காருக்குப் பின்னால் சுழன்று டிக்கி வழியாக உள்ளே வரும்.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. கசிவு உள்ள குழாய், அக்சிலேற்றரை விடும்போது வெடிக்கும். உள்ளே இழுபட்ட காற்றும் எரியாத பெற்றோலும் சூட்டில் பற்றுவதால் வருகிற 'டமார்' அது. பொடியனுகளுக்கு அது விளையாட்டு. ஆனால் இது 30 வருட யுத்தத்தைக் காதால் கேட்ட ஊர். 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த ஊர். கல்லடிப் பாலத்தில் ஒரு சிவிக் 'டமார்' எண்டு போட்டால் நடந்துபோகிற அம்மா ஒருவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு 'மீன் பாடும் தேன்நாடு' பழமை பேசுகிற கிழடு எண்டு பெயர் வைக்காதீங்க.

சரி, திருத்துவது எப்படி? யாரும் வீட்டு முற்றத்தில் செய்ய எண்டு இதை எழுதவில்லை. நல்ல வேலை எண்டால் என்ன, அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் எண்டு விளங்கத்தான் எழுதுகிறேன்.

எஞ்சின் முழுக்க ஆற வேண்டும். காரைத் தூக்கினால் ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகக்கூடாது, தாங்கி வைக்க வேண்டும். பிறகு கோணலாக நிற்கிற கடைசித் துண்டைத் தட்டுவதில்லை. எல்லா இணைப்பையும் தளர்த்த வேண்டும். பின்னால் தெரிகிற கோணலின் காரணம் முக்கால்வாசி முன்னால்தான் கிடக்கும். முன்குழாய் ஒரு பாகை திரும்பினால், மூன்று மீற்றர் தள்ளி வால் ஐந்து சென்ரிமீற்றர் விலகும். அறுந்த ரப்பரையும் ஊதின கஸ்கட்டையும் மாற்றி, குழாய் முழுவதையும் தளர்வாகத் தொங்க விட்டு, எஞ்சின் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு துண்டாகத் திருப்பி நேராக்க வேண்டும். பிரேக் குழாய், பெற்றோல் தாங்கி, பின் அச்சு, தரைத்தகடு எல்லாவற்றுக்கும் குறைந்தது ஒரு விரல் அகலம் இடைவெளி வேண்டும். மறுகா முன்னால் இருந்து பின்னால், போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

கொளுக்கி இடம் மாறினால் வெல்டிங் வரும். காரில் வைத்துப் புள்ளி மட்டும் வைத்து, கழற்றி, மேசையில் வைத்து முழுதாகப் பிடிப்பதுதான் முறை. காரிலேயே பிடிக்க வேண்டி வந்தால் பற்றரியின் மறை முனையைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கணினி போகலாம். பிறகு எஞ்சினை இயக்கி இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் கசிகிற இடத்தில் குமிழி வரும். கடைசியாக ஒரு நாள் ஓடிச் சூடாகி ஆறின பிறகு எல்லா போல்ட்டையும் இன்னொருக்கா இறுக்க வேண்டும்.

எங்கட ஊருக்கு ஒரு மேலதிகப் பாடம் இருக்கு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகக் குழாய்க்குள் வரும். ஆரையம்பதியில் இருந்து ரவுணுக்கு ஓடுகிற சின்ன ஓட்டத்தில் குழாய் முழுதாகச் சூடாகாது. ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கும். குழாய் பிழையான பக்கம் சரிந்தால் அந்தத் தண்ணீர் வெளியேறாமல் உள்ளிருந்து அரிக்கும். வெளியில் இருந்து கடலும் வாவியும் உப்புக்காற்றை அனுப்பும். நேராகப் பூட்டாத சாதாரண இரும்புக் குழாய் இங்க கெதியாகப் போய்விடும்.

இது அரை நாள் வேலை, வெல்டிங் இருந்தால் ஒரு நாள். இதற்குத்தான் 'ஒரு தட்டு' விலை குடுக்கிறோம். விலை குறைந்தால் கராஜ்காரர் எதைக் குறைப்பார்? கஸ்கட்டைக் குறைப்பார். நேரத்தைக் குறைப்பார். கடைசியில் வேலை பழகிற பொடியனின் கையில் குறைப்பார். பதினாறு, பதினேழு வயதுப் பொடியன் சாப்பாட்டுக் காசுக்கு வேலை பழகுவான். முகமூடி இல்லாமல், கறுப்புக் கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வெல்டிங் பிடிப்பான். இரவில் கண்ணுக்குள் மண் போட்டது போல எரியும். மலிவுக்கு வாங்கின நாகப்பூச்சுக் குழாயைச் சூடாக்கும்போது எழும்புகிற வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றைக்கே காய்ச்சல் வரும். எங்கட 'கெத்து' அந்தப் பொடியனின் நெஞ்சில் போய் நிற்கிறது.

இனி மற்ற இரண்டு தரப்புக்கும் வருவோம். 2025 தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீலங்கா' எண்டு சொல்லி பொலிஸ் வாகனங்களின் மேலதிகப் பாகங்களைக் கழற்ற வைத்தது. இந்தியாவில் பல நகரங்களில் பிடித்த சைலன்சர்களை வீதியில் அடுக்கி றோட்டு உருளையை ஏற்றி நசுக்கிப் படம் எடுக்கிறார்கள். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் நசுக்கின இடத்துக்கு அடுத்த மாதம் இன்னும் மலிவான குழாய், இன்னும் மோசமாகப் பூட்டி வரும். சத்தத்துக்குச் சட்டம் வேண்டும், நான் மறுக்கவில்லை. வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் அலறுகிற காருக்கு நியாயம் இல்லை. தண்டம் போடுகிறவர்கள் 'இத்தனை நாளுக்குள் முறையாகத் திருத்திக் காட்டு' எண்டும் சொல்லட்டும். அப்போது அந்தக் காசு நல்ல கராஜுக்குப் போகும்.

ஒழுக்கம் பேசுகிற பெரியவர்களுக்கு ஒரு கேள்வி. காரின் சத்தத்தை வைத்து ஒரு தலைமுறையே கெட்டது எண்டு மேடையில் சொல்லுறீங்க. உங்கட மகன் கராஜில வேலை பழகப் போகிறேன் எண்டு கேட்டால் என்ன சொல்வீங்க? "படிக்காதவன் செய்கிற வேலை" எண்டு சொல்வீங்க. கையை மதிக்காத அந்த ஒழுக்கமும் இந்தக் கோணல் குழாயும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

"எங்களிட்ட அவ்வளவு காசு இல்லை அண்ணன்" எண்டு ஒரு பதில் வரும். குழாய்க்கு இருந்ததுதானே? இரண்டுக்கும் காசு போதாதென்றால் குழாயை விடுங்க. கம்பனி பூட்டி அனுப்பின சைலன்சரில் புது ரப்பரும் புதுக் கஸ்கட்டும் போட்டு நேராக்கினால், ஓட்டைச் சிஸ்டம் போட்ட காரை விட அது நல்லா இழுக்கும். அளவுக்கு மிஞ்சின அகலக் குழாய் குறைந்த வேகத்தில் இழுவையைக் குறைக்கும் எண்டும் தெரிந்து கொள்ளுங்க. ரவுணுக்குள் ஓடுகிற காருக்கு அந்த இழுவைதான் தேவை.

கராஜ் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு சொல். உங்களிட்டப் பழகிற பொடியனுக்குச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கு. மஞ்சந்தொடுவாயில் தொழினுட்பக் கல்லூரி இருக்கு. கிளிநொச்சியில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கு. வகுப்புக்கே போகாமல் கராஜில் பழகினவருக்கும் அனுபவத்தைச் சோதித்து என்விகியூ தரம் குடுக்கிற ஏற்பாடு நாட்டில் இருக்கு. அந்தத் தாள் கையில் இருந்தால் அவன் தன் வேலைக்கு விலை சொல்லுவான். அதனால் உங்களுக்கு நட்டம் எண்டு நினைக்காதீங்க. அவன் விலை சொன்னால் நீங்களும் சொல்லலாம்.

கார் வைத்திருக்கிற தம்பிமாருக்கு ஒன்றே ஒன்று. அடுத்த முறை பில்லில் இரண்டு வரி கேளுங்க: சாமானுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு. கூலி வரி வெறுமையாக இருந்தால், வேலை முடிந்தது எண்டு திறப்பை வாங்க முதல் குனிந்து கீழே பாருங்க.