இணைப்பு வங்கிக்கு, இன்னல் வாடிக்கையாளருக்கு!

பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக ஒருங்கிணைக்கப்படும் என்று 2019 ஆகஸ்ட் 30-ஆம் தேதி புது தில்லியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2020 ஏப்ரல் 1-இல் இணைப்பு நடைமுறைக்கு வந்தது. வலிமையான வங்கிகள் உருவாகும் என்பது அரசின் வாதம். சாதாரண வாடிக்கையாளருக்கோ அந்த இணைப்பு வேறு வடிவில் வந்து சேர்ந்தது. அவரது பாஸ் புத்தகத்தில் இருந்த ஐ.எஃப்.எஸ். குறியீடு செல்லாததாகிவிட்டது.

பதினொரு இடங்கள் கொண்டது இக்குறியீடு. முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிப்பவை, ஐந்தாவது பூஜ்யம், எஞ்சிய ஆறும் கிளையைக் குறிப்பவை. 2004-இல் தொடங்கிய ஆர்.டி.ஜி.எஸ்., 2005-இல் தொடங்கிய நெஃப்ட் ஆகிய இரு பணப் பரிமாற்ற முறைகளுக்கும் இதுவே முகவரி. வங்கியின் பெயர் மறைந்தால் முகவரியும் மறைகிறது. கனரா வங்கியுடன் இணைந்த சிண்டிகேட் வங்கியின் பழைய குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாதவையாயின.

கைப்பேசி வழியே யு.பி.ஐ. முறையில் பணம் அனுப்புவோர் இக்குறியீட்டை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால், வருங்கால வைப்பு நிதி, காப்பீட்டுத் தொகை, ஊதியம் போன்றவை இன்றும் இக்குறியீட்டை நம்பியே அனுப்பப்படுகின்றன. குறியீடு தவறினால் பணம் அனுப்பியவருக்கே திரும்புகிறது. அது மீண்டும் தன்னைத் தேடி வருவதற்கு முதியவர்களும் கூலித் தொழிலாளர்களும் அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிருக்கிறது.

பணம் பெறுபவரின் பெயரைச் சரிபார்த்த பிறகு அனுப்பும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது வரவேற்கத்தக்கது. தவறான கணக்குக்குப் பணம் போவதை அது தடுக்கும். செல்லாத குறியீட்டுக்கு அது தீர்வாகாது.

2025 மே 1-இல் மண்டல ஊரக வங்கிகள் 43-லிருந்து 28-ஆகக் குறைக்கப்பட்டன. பொதுத்துறை வங்கிகளை மேலும் பெரிதாக்கும் பேச்சும் அதே ஆண்டில் மீண்டும் எழுந்தது. ஒவ்வோர் இணைப்பின்போதும் ஏழை எளியோர் அலைக்கழிக்கப்படுவது நியாயமல்ல.

சிண்டிகேட் வங்கியின் பழைய குறியீடுகள் இணைப்புக்குப் பிறகும் பதினைந்து மாதங்கள் பணத்தைக் கொண்டு சேர்த்தன. அப்போது முடிந்ததைத் தொடர்ந்து செய்வதில் என்ன தடை? பழைய குறியீட்டுக்கு வரும் பணத்தைப் புதிய கிளைக்குத் திருப்பிவிடும் பொறுப்பை நிரந்தரமாக வங்கிகளிடமே ரிசர்வ் வங்கி ஒப்படைக்க வேண்டும். தெருவின் பெயர் மாறிவிட்டது என்பதற்காகத் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. வங்கிகளிடம் மக்கள் எதிர்பார்ப்பதும் அவ்வளவே.