‘தேசியப் பேரிடரா அறிவிங்க’ என்றால் கரிசல் காட்டுக்குப் பணம் வருமா?

கஜா புயல் அடித்த 2018-லும் சரி, தென் மாவட்டங்கள் மூழ்கிய 2023 டிசம்பரிலும் சரி, மக்கள் எழுப்பிய கோரிக்கை ஒன்றுதான்: ‘தேசியப் பேரிடரா அறிவிங்க!’

கோபம் நியாயம்தான். ஆனால், 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் அப்படி அறிவிக்க வழியே இல்லை. மத்திய அரசின் விதிகளில் இருப்பது ‘கடுமையான பேரிடர்’ என்ற வகைதான். மாநில நிதி போதாதபோது, அதன்படி தேசிய நிவாரண நிதியிலிருந்து பணம் வரும்.

எவ்வளவு வரும்? மிக்ஜாம் புயலுக்கும் தென் மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது சுமார் 37,900 கோடி ரூபாய். உச்ச நீதிமன்றப் படியேறிய பிறகு, 2024 ஏப்ரலில் கிடைத்தது 276 கோடி.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சிக்கல் வேறு. மக்காச்சோளம், பருத்தி, உளுந்து என எல்லாம் மானாவாரி. புயல் எங்கோ கரையைக் கடந்தாலும், அடைமழையில் கரிசலில் தண்ணி நின்னா பயிர் போச்சு. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று கணக்கெடுப்பில் பதிவானால்தான் நிவாரணம். 2022-26 விதிப்படி ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். ஏக்கருக்குச் சுமார் 3,400. உழவு, விதை, களையெடுப்புக் கூலிக்கே காணாது.

ஆக, கேட்க வேண்டியது பட்டம் இல்லை. மானாவாரித் தொகையை உயர்த்துங்க, கணக்கெடுப்புப் பட்டியலை ஊரில் ஒட்டுங்க, பணம் தரத் தேதி சொல்லுங்க. இந்த மூன்றையும் கிராம சபைத் தீர்மானமாகப் போட்டு, தொகுதி எம்.பி. கையில் கொடுக்கலாம். அடுத்த புயலுக்கு முன்னாடியே.